யாருடைய சேறு?

எங்கள் பாடசாலையின் பின்புறத்தில் ஒரு வடிகான் ஓடுகிறது. கடந்த மாரியில் ஒரு நாள் அது அடைத்துக்கொண்டது. தரம் ஆறு படிக்கும் கட்டடத்துக்குள் கணுக்காலளவு தண்ணீர் ஏறிவிட்டது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மேல்வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்காக ஜன்னலால் எறிந்த கடதாசிகளும் இனிப்பு உறைகளும் மதகின் வாயில் திரண்டு கிடந்தன. பத்தாந்தரப் பிள்ளைகளை அழைத்து அவற்றை அள்ளச் சொன்னேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பையன் எழுந்தான். மரியாதைக் குறைவு எதுவும் அவன் குரலில் இல்லை. "சேர், இதுல என்ட கடதாசி எது எண்டு காட்டுங்க. அத நான் எடுக்கன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் ஏதோ சொல்லி அதட்டினேன். அவர்களும் அள்ளினார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒருவன் எறிந்தது ஒரு கடதாசி, இரண்டு கடதாசி. அந்த ஒரு கடதாசியால் வடிகான் அடைத்திருக்காது. அவன் எறியாமல் விட்டிருந்தாலும் வடிகான் அடைத்துத்தான் இருக்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொருவனும் உண்மையைத்தான் சொல்கிறான். ஆனாலும் தரம் ஆறு பிள்ளைகளின் புத்தகங்கள் நனைந்துவிட்டன.

அந்த நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது முற்றிலும் வேறு விடயம். கலிபோர்னியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்ணீரைப் பீச்சி மலைகளைக் கரைத்துப் பொன் எடுத்த தொழிலின் கதை. அந்தக் கதையின் நடுவில் எங்கள் பையனின் கேள்வி அப்படியே இருந்தது. அதைக் கேட்டவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் பெரும் பணக்காரர்கள். அவர்களுக்காக அதை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தவர்கள் தேர்ந்த சட்டத்தரணிகள். முதல் தடவை அவர்கள் வென்றும் இருக்கிறார்கள். ஆகவே பையனைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது என்று பட்டது. இக்கட்டுரை அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடும் முயற்சி.

*

1848 ஜனவரியில் அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்ற இடத்தில் ஒரு மர ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் ஓடும் நீரில் பொன் துணுக்கைக் கண்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகின் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் அங்கு குவிந்தனர். ஆரம்பத்தில் அது ஏழையின் தொழில். ஒரு தட்டமும் ஒரு மண்வெட்டியும் போதும். ஆற்று மணலை அள்ளிக் கழுவினால், பாரமான பொன் அடியில் தங்கும். ஆனால் மேலாக இருந்த பொன் சில வருடங்களிலேயே தீர்ந்துபோயிற்று.

எஞ்சிய பொன் வேறோர் இடத்தில் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி மறைந்த பழைய ஆறுகளின் படுகைகள், இன்றைய மலை முகடுகளின் மேல் பருக்கைக்கல்லும் மண்ணுமாகப் புதைந்து கிடந்தன. சில இடங்களில் அவற்றின் தடிப்பு நூற்றுக்கணக்கான அடி. பொன் அந்தத் தடிப்பு முழுவதிலும் பரவலாகச் சிதறியிருந்தது. ஒரு கன யார் மண்ணில் சில சதம் பெறுமதியான பொன்தான். மண்வெட்டியால் வெட்டினால் கூலிக்கே காணாது.

1853இல் நெவாடா சிட்டிக்கு அருகில் எட்வர்ட் மேட்டிசன் என்பவர் கன்வஸ் குழாயொன்றின் நுனியில் தகரத்தாலான மூக்கைப் பொருத்தி, உயரத்திலிருந்து வரும் தண்ணீரை மலைச்சரிவின் மீது பீச்சினார். மலை கரைந்து இறங்கிற்று. பத்து இருபது பேர் பல நாள் செய்யும் வேலையை ஒரு தாரை ஒரு நாளில் செய்தது. பின்னர் கன்வஸ் குழாய் இரும்புக் குழாயாயிற்று. தகர மூக்கு, பீரங்கி போன்ற பெரும் பீச்சுகருவியாயிற்று. அதன் தாரைக்கு முன்னால் நின்ற மனிதன் பிழைக்க மாட்டான். கரைந்த சேறு நீண்ட மரத் தொட்டிகளின் வழியே ஓடும். தொட்டியின் அடியில் குறுக்குச் சட்டங்கள். அவற்றுக்கிடையில் பாதரசம் ஊற்றப்பட்டிருக்கும். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீதி அத்தனையும் ஆற்றுக்குப் போகும்.

இத்தொழிலின் கணக்கைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லாத் தொல்லைகளுக்கும் வேர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கன யாரில் சில சதம் மட்டுமே என்றால், இலாபம் வருவதற்கு இலட்சக்கணக்கான கன யார்களைக் கழுவ வேண்டும். அதற்குப் பேரளவில் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு மலையுச்சியில் அணைகளும், பள்ளத்தாக்குகளைச் சுற்றிவரும் நெடும் வாய்க்கால்களும் வேண்டும். அவற்றுக்கு முதல் வேண்டும். முதல் போட்டபின் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வட்டி தின்றுவிடும். தட்டமும் மண்வெட்டியுமாக வந்த தனிமனிதன் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அவன் கூலிக்காரனாகிவிட்டான்.

இவ்வகைக் கம்பனிகளில் பெரியது 1866இல் சான் பிரான்சிஸ்கோ முதலாளிகள் சேர்ந்து அமைத்த நோர்த் புளூம்ஃபீல்ட் கம்பனி. மலாகொஃப் என்னும் இடத்தில் அது சுரங்கம் வைத்தது. கழுவிய சேறு வெளியேறுவதற்கு வழியில்லாதபடியால், ஹமில்டன் ஸ்மித் என்ற பொறியியலாளரின் திட்டப்படி மலைக்கடியில் பாறையைக் குடைந்து ஏறக்குறைய 7,800 அடி நீளமான சுருங்கை ஒன்றை அமைத்தது. 1874இல் அது முடிந்தது. 1870களின் பிற்பகுதியில் அப்பகுதிக் கம்பனிகள் தமது அணைகளையும் சுரங்கங்களையும் இணைத்து ஏறக்குறைய அறுபது மைல் நீளத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தன. உலகின் முதலாவது நெடுந்தூரத் தொலைபேசித் தொடர்பு அது என்கிறார்கள். இரவிலும் வேலை நடக்க மின்விளக்கு வந்தது. வாய்க்கால் வெட்டியவர்களிலும் சுருங்கை குடைந்தவர்களிலும் பெருந்தொகையானோர் சீனர்கள்.

இவர்கள் சோம்பேறிகளோ திருடர்களோ அல்லர். அறிவும் உழைப்பும் துணிவும் உள்ளவர்கள். தீமையைத் தீயவர்கள்தான் செய்வார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுகிறோம். அதனாலேயே இத்தகைய தீமையை அவர்களால் அடையாளம் காண முடியாமல் போகிறது.

*

அந்தச் சுருங்கையின் நோக்கமே சேற்றை ஆற்றுக்கு அனுப்புவது. மலையில் ஒரு சிற்றாறு, அதிலிருந்து தென் யூபா, அதிலிருந்து யூபா. யூபா ஆறு மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி ஃபெதர் ஆற்றோடு சேரும் முனையில் மேரிஸ்வில் என்னும் வணிக நகரம் இருந்தது. மலையில் வேகமாக ஓடும் தண்ணீர் சமவெளிக்கு வந்ததும் தளர்ந்துவிடும். தளர்ந்த தண்ணீர் தான் சுமந்து வந்ததைக் கீழே போட்டுவிடும். இதை எங்கள் புவியியற் பாடத்தில் 'படிதல்' என்று இரண்டு வரியில் படிப்பிக்கிறோம்.

யூபாவின் அடி ஆண்டுதோறும் உயர்ந்தது. ஒரு காலத்தில் தெளிந்து ஓடிய ஆறு மேரிஸ்வில் வீதிகளின் மட்டத்துக்கு உயர்ந்தது. நகரத்தைச் சுற்றி மண் அணை எழுப்பினார்கள். ஆறு உயர அணையையும் உயர்த்தினார்கள். 1875 ஜனவரியில் அணை உடைந்து நகரம் தண்ணீராலும் சேற்றாலும் நிறைந்தது. ஆற்றோரப் பழத்தோட்டங்களும் தானிய வயல்களும் பல்லாயிரம் ஏக்கர் அளவில் மணலின் கீழ் போயின. பழமரத்தின் உச்சி மட்டும் மணலுக்கு மேல் தெரிந்த இடங்களும் உண்டு. சக்ரமென்டோ ஆற்றில் கப்பலோடும் வழி தூர்ந்தது. சேறு சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை போயிற்று.

எவ்வளவு சேறு? புவிச்சரிதவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் பிற்காலத்தில் அதை அளந்தார். 1917இல் வெளியான அவரது அறிக்கையின்படி, பனாமாக் கால்வாய்க்காகத் தோண்டிய மண்ணைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு.

கீழே இருந்தவர்கள் ஏன் இருபது வருடம் பேசாதிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். மேரிஸ்வில் வியாபாரிகளுக்குச் சுரங்க ஊர்கள்தான் வாடிக்கை. இரும்பும் மாவும் சப்பாத்தும் அவர்கள் மலைக்கே விற்றார்கள். கமக்காரரில் பலர் பொன் தேடி வந்து தோற்று மண்ணுக்குத் திரும்பியவர்கள். மலைக்காரர் வாங்கத்தான் அவர்களது கோதுமைக்கும் பழத்துக்கும் விலை. தன்னை அழிக்கும் கையே தனக்குச் சோறும் போடும்போது மனிதன் நெடுநாள் மௌனமாயிருப்பான். சேறு கடையின் வாசற்படிக்கு வந்தபோதுதான் மேரிஸ்வில் பேசத் தொடங்கிற்று.

சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கவில்லை. கலிபோர்னியாவின் நீர்ச் சட்டம் சுரங்கக்காரரின் வழக்காற்றிலிருந்து பிறந்தது. யார் முதலில் வந்து தண்ணீரைத் திருப்பினாரோ அவருக்கே அதில் உரிமை. 1855இல் அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றமே இதை ஏற்றுக்கொண்டது. 1866இலும் 1872இலும் அமெரிக்கச் சமஷ்டிச் சட்டங்கள் சுரங்கக்காரரின் வழக்காறுகளை அங்கீகரித்தன. ஆகவே கமக்காரருக்குச் சொல்லப்பட்ட பதில் இதுதான்: நாங்கள் உங்களுக்கு முந்தி வந்தவர்கள்.

முந்தி வந்தவர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் வேறொரு கேள்வி எழ வேண்டும். யூபா ஆற்றோரத்தில் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் நிசெனான் மக்கள். 1850இலேயே கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றிற்று. பூர்வீகக் குடிகளின் 'ஆட்சிக்கும் பாதுகாப்புக்கும்' என்று அதற்குப் பெயர். நடைமுறையில் அம்மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் அது. சேற்றைப் பற்றி நடந்த வழக்குகளில் நிசெனான் மக்கள் வழக்காளியாகவும் வரவில்லை, எதிராளியாகவும் வரவில்லை. அவர்களுக்கு எஞ்சியிருந்த சிறு காணிக்கான சமஷ்டி அங்கீகாரமும் 1964இல் நீக்கப்பட்டது. 'முதலில் வந்தவருக்கே உரிமை' என்று சொன்னவர்கள், தாம் விரும்பிய ஆண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள்.

*

1876இல் பெயர் ஆற்றோரக் கமக்காரரான ஜேம்ஸ் கீஸ் வழக்குத் தொடுத்தார். பெயர் ஆற்றில் சேறு விட்ட பல கம்பனிகளையும் ஒன்றாகச் சேர்த்து எதிராளிகளாக்கினார். மாவட்ட நீதிபதி 1879இல் தடையுத்தரவு கொடுத்தார். கம்பனிகள் மேன்முறையீடு செய்தன. அதே வருடம் மாநில உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது.

புரட்டிய காரணம்தான் எங்கள் பையனின் கேள்வி. இக்கம்பனிகள் ஒன்றோடொன்று கூட்டுச் சேர்ந்து இதைச் செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் சுரங்கத்தில் தன் வேலையைத் தனித்தனியே செய்தது. சேறு கலந்தது ஆற்றில். ஆகவே எல்லோரையும் ஒரே வழக்கில் நிறுத்த முடியாது. தனித்தனியாக வழக்காடச் சொன்னது நீதிமன்றம். தனித்தனியாக வழக்காடினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கம்பனியும், உன் வயலில் கிடப்பது என் சேறுதான் என்று நிரூபி என்று கேட்கும். மலையின் மண்ணில் கம்பனியின் பெயர் எழுதியிருக்காது. மலையில் கொண்டாடினார்கள்.

இந்த வாதத்தை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அதில் ஓர் உயர்ந்த கொள்கையும் இருக்கிறது. ஒருவன் செய்யாத குற்றத்துக்கு அவனைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தக் கொள்கை. ஒரு வகுப்பில் ஒருவன் கல்லெறிந்ததற்காக முழு வகுப்பையும் முழங்காலில் நிறுத்தும் ஆசிரியரை நாம் நீதிமான் என்று சொல்ல மாட்டோம். ஒரு ஊரில் ஒருவன் செய்ததற்கு ஊரையே பழிவாங்குவது எவ்வளவு கொடியது என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே 'எல்லோரும் குற்றவாளிகள்' என்ற பேச்சைக் கேட்டால் நான் பயப்படுகிறேன். எல்லோரும் குற்றவாளிகள் என்றால், உண்மையில் அதிகம் செய்தவனும் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வான்.

ஆனால் கல்லெறிந்த வகுப்பும் சேறு விட்ட ஆறும் ஒன்றல்ல. கல்லை ஒருவன்தான் எறிந்தான், மற்றவர்கள் எறியவில்லை. இங்கே எல்லோரும் எறிந்திருக்கிறார்கள். எறிந்தது எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. செய்யாதவனைக் காப்பாற்ற உண்டாக்கிய கொள்கையை, செய்தவர்கள் எல்லோரும் தம்மைக் காப்பாற்றக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

*

1882இல் இரண்டாவது பெரிய வழக்கு வந்தது. வழக்காளி எட்வர்ட்ஸ் வுட்ரஃப். மேரிஸ்வில்லில் அவருக்குக் கட்டடமும் அயலில் காணியும் இருந்தன. ஆனால் அவர் நியூயோர்க் பிரசை. வேறு மாநிலத்தவர் என்றபடியால் வழக்கைச் சமஷ்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. எதிராளிகள் நோர்த் புளூம்ஃபீல்ட் கம்பனியும் பிறரும். நீதிபதி லொரென்சோ சோயர்.

கம்பனிகள் பழைய வாதத்தை மீண்டும் எழுப்பின. சோயர் 1883இல் அதை நிராகரித்தார். அவரது வழியை என் சொற்களில் சொல்கிறேன். இந்தக் கம்பனிகளின் சேறுகள் தனித்தனியே வழக்காளியின் காணிக்கு வரவில்லை. அவை கலந்து ஒன்றாகி, ஒரே தொல்லையாகத்தான் வந்தன. வழக்காளி கேட்பது நட்டஈடு அல்ல. தொல்லையை நிறுத்தும்படியே கேட்கிறார். அதற்கு எல்லோரையும் ஒரே மன்றில் நிறுத்தலாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. 'யாருடையது எவ்வளவு?' என்ற கேள்வி, நடந்து முடிந்த நட்டத்தைப் பங்கு போடும்போது அவசியமானது. பத்து ரூபா நட்டத்தில் எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்று சொல்வதற்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. சேறு விடுகிற ஒவ்வொருவனும், தன் பங்கு சிறிதோ பெரிதோ, நிறுத்தக் கடமைப்பட்டவன். பங்கு தெரியவில்லை என்பது நட்டஈட்டைக் குறைக்கக் காரணமாகலாம். தொடர்ந்து விடுவதற்கு அது அனுமதிச்சீட்டாக முடியாது.

கம்பனிகளிடம் வேறு வாதங்களும் இருந்தன. வழக்காறு எங்களுக்கு உரிமை தந்தது. அரசு அனுமதித்தது. இத்தனை வருடம் நீங்கள் பேசாமலிருந்தீர்கள். இத்தனை கோடி முதலும் இத்தனை ஊர்களும் இத்தொழிலில் தங்கியிருக்கின்றன. அணை கட்டிச் சேற்றை மலையிலேயே மறித்துவிடுகிறோம் என்றும் சொன்னார்கள். 1883 ஜூனில் மத்திய யூபாவின் மேலிருந்த இங்கிலிஷ் அணை உடைந்து பெருவெள்ளம் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது. அணையை நம்பும்படி கேட்க அது உகந்த காலமல்ல.

1884 ஜனவரி 7ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மிக நீண்ட தீர்ப்பு. அனுமதி என்பது தன் காணியில் தொழில் செய்ய அனுமதி. மற்றவன் காணியைப் புதைக்க எந்தச் சட்டமன்றமும் அனுமதி கொடுக்கவில்லை என்று அது கண்டது. தொழில் எவ்வளவு பெரியதாயினும் ஒருவனுடைய உண்மையான உரிமையை அதன் நன்மைக்காக நசுக்க முடியாது என்று கொண்டது. ஆற்றிலும் அதன் கிளைகளிலும் சேறு விடுவதை நிரந்தரமாகத் தடுத்தது. தண்ணீர் பீச்சிப் பொன் எடுப்பதை அது தடைசெய்யவில்லை. உன் சேற்றை நீயே வைத்துக்கொள்ள முடியுமானால் செய் என்றது. அப்படி வைத்துக்கொண்டால் இலாபம் இல்லை என்பது உடனே தெரிந்தது. அந்தத் தொழிலின் இலாபம் என்று இருபது வருடம் எண்ணியதில் பெரும் பகுதி, கீழே இருந்தவர்கள் கட்டிய செலவுதான்.

எந்தத் தொழிலைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது. தன் கழிவைத் தானே சுமந்தால் இத்தொழில் நிற்குமா? நிற்காது என்றால், அதன் இலாபம் யாரோ ஒருவரிடமிருந்து கேட்காமல் எடுத்த கடன்.

*

மேரிஸ்வில்லில் மணி அடித்துக் கொண்டாடினார்கள். ஆனால் அன்றிரவு மலை ஊர்களிலும் மனிதர்கள் இருந்தார்கள். கூலிக்காரர், கொல்லர், கடைக்காரர், அவர்களின் பிள்ளைகள். நோர்த் புளூம்ஃபீல்டும் அதைப் போன்ற ஊர்களும் ஆண்டு போகப்போக வெறிச்சோடின. ஹமில்டன் ஸ்மித் இலண்டனில் பேர்பெற்ற சுரங்க ஆலோசகரானார். முதலும் அறிவும் வேறிடம் போக வல்லவை. கூலிக்காரனுக்குத்தான் ஊர் போயிற்று. சீனத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். 1854இல் கலிபோர்னியாவின் உயர் நீதிமன்றம் வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்த்திருந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்கு வருவதையே சமஷ்டிச் சட்டம் தடுத்தது. நீதியான தீர்ப்பின் விலையையும், அதைக் கொடுக்க ஆகக் குறைந்த வலுவுள்ளவர்களே கொடுத்தார்கள். தீர்ப்புத் தவறு என்று இதனால் நான் சொல்லவில்லை. தீர்ப்போடு கடமை முடிந்தது என்று நினைத்ததுதான் தவறு.

தீர்ப்புச் சேற்றையும் திருப்பி அனுப்பவில்லை. தடையுத்தரவை மீறி இரகசியமாகப் பீச்சியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிக்கக் கீழிருந்து வேவுகாரர்களை அனுப்பினார்கள். 1893இல் கொண்டுவந்த கமினெட்டிச் சட்டம் சேற்றை மறிக்கும் நிபந்தனையோடு தொழிலை மீள அனுமதித்தது. பழைய அளவுக்கு அது எழவேயில்லை. ஏலவே ஆற்றில் இருந்த சேறு பல பத்தாண்டுகள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதை மறிக்க 1941இல் யூபாவில் எங்கிள்பிரைட் அணையைப் பொதுப்பணத்தில் கட்டி முடித்தார்கள்.

பாதரசத்தின் கதை அதைவிட நீண்டது. எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் 'இரசம்' என்று அச்சிட்டிருக்கிறோமே, அதே உலோகம். தொட்டிகளில் ஊற்றியதில் ஒரு பருவத்தில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வீதம் வரை சேற்றோடு போய்விடும். கலிபோர்னியாவின் ஆற்றுமண் சுரங்கங்களிலிருந்து இவ்வாறு வெளியேறியது ஒரு கோடி இறாத்தல் அளவு என்று அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பாதரசம் மீன்களின் உடலில் ஏறுகிறது. அப்பகுதி நீர்நிலைகள் பலவற்றில் பிடிக்கும் மீனை, கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அளவோடு உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இன்றும் உண்டு. சோயரின் முன் வந்த வழக்கு சேற்றைப் பற்றியது. பாதரசத்துக்கு அன்று வழக்காளி யாரும் இல்லை. அதன் வழக்காளிகள் அப்போது பிறக்கவில்லை.

இப்போது 'யாருடைய சேறு' என்று கேட்டால் எதிராளிக் கூண்டில் யாரும் இல்லை. கம்பனிகள் கலைந்துவிட்டன. பங்குதாரர் இறந்துவிட்டனர். மலாகொஃப்பின் பெரும் பள்ளம் 1965 முதல் மாநிலப் பூங்கா. பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள். மீனை மட்டும் கேட்டுத்தான் உண்ண வேண்டியிருக்கிறது.

*

நீதிபதி சோயரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல விட்டுவிட்டேன். அவர் 1850இல் கலிபோர்னியாவுக்கு வந்ததே பொன் தேடித்தான். சட்டத்துறைக்குத் திரும்பு முன் அவரும் சுரங்கத்தில் மண் வெட்டியவர். பின்னர் அதே நெவாடா சிட்டியில் சட்டத்தரணியாகவும் இருந்தவர். அவர் கையிலும் சிறிது சேறு இருந்தது. அதனால் அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லாமற் போகவில்லை. சேறே படாத கையைத்தான் தேடுவோமானால், இவ்வுலகில் எந்த வழக்கையும் யாரும் கேட்க முடியாது. ஆனால் கையில் சேறு உள்ளவன் அதை மறைக்கக் கூடாது.

இதை எழுதும்போது நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று பிள்ளைகள் வடிகானை அள்ளிக்கொண்டிருந்தபோது, அந்தக் குவியலுக்குள் என் கையெழுத்தில் ஒரு தாளைக் கண்டேன். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு எறிந்த தாள். ஒருவரும் கவனிக்காத நேரம் பார்த்து அதை எடுத்து நனைந்தபடியே சட்டைப் பையில் வைத்தேன். பிறகு பிள்ளைகளை அவசரப்படுத்தினேன்.

பல வாரம் கழித்து, இந்த வழக்கின் கதையை அதே வகுப்புக்குச் சொன்னேன். கீஸ், வுட்ரஃப், சோயர் எல்லோரையும் கரும்பலகையில் எழுதினேன். 'நிறுத்து என்று சொல்லப் பங்கு தேவையில்லை' என்ற இடத்துக்கு வந்தபோது பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். கடைசியில், நானும் அந்த வடிகானில் ஒரு தாள் போட்டிருந்தேன், அன்று அதைக் கண்டு எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். சொன்னதும் மனம் இலேசாயிற்று. ஒரு நல்ல பாடம் நடத்திவிட்டதாகவும் நினைத்தேன்.

கடைசி வாங்குப் பையன் சிறிது யோசித்தான்.

"அப்ப சேர், நீங்க உங்கட கடதாசிய மட்டுந்தானே எடுத்தீங்க?" என்றான்.

மணி அடித்தது. அவன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனான். இம்முறையும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இம்முறை என்னிடம் பதில் இருந்தது. ஆம், என்னுடையதை மட்டும்தான் எடுத்தேன். கம்பனிகள் செய்ய விரும்பியதும் அதைத்தான்.